கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பிரதியே பிடிஎஃப்பாகத் திரும்பி வந்தது: நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

1. வரப்புமேடு

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பல வருடமாகப் படித்து வருகிறேன், எழுதுவது குறைவு. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

சின்னதாக ஒரு பதிப்பகம் நடத்துகிறேன். தனி அலுவலகம் எதுவும் கிடையாது, வீட்டு முன்னறைதான். இரண்டு வருடத்துக்கு முன் நான் எழுதிய நாவலை நானே வெளியிட்டேன். 212 பக்கம், 300 பிரதி, விலை 260 ரூபாய். போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதன் பிடிஎஃப் வந்தது. திறந்து பார்த்தால் முதல் பக்கத்திலேயே நீல மையில் ‘அன்புடன்’ என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்து. என் கையெழுத்து. புத்தக வெளியீட்டு அன்று யாருக்கோ நானே எழுதிக் கொடுத்த பிரதி.

முழுக் கோப்பையும் பார்த்தேன். ஸ்கேனர் வைத்து எடுத்ததில்லை, போனில் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்திருக்கிறார்கள். 61-ஆம் பக்கத்தின் அடியில் ஒரு கட்டைவிரல் தெரிகிறது. புத்தகம் மூடிக்கொள்ளாமல் இருக்க அழுத்திப் பிடித்த விரல். 212 பக்கத்தையும் இப்படி எடுக்க ஒரு முழு மாலை ஆகியிருக்கும். வெறுப்பில் யாரும் இவ்வளவு உழைக்க மாட்டார்கள். பிடித்துப்போய், நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் செய்திருக்கிறார். அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 260-இல் கடைக் கழிவு 40 சதவீதம், அதாவது 104 ரூபாய். குறைந்த பிரதி அச்சிடுவதால் அச்சுச் செலவு ஒரு பிரதிக்கு 95. எழுத்தாளருக்குப் பத்து சதவீதம் என்றால் 26. மிச்சம் 35 ரூபாய். அட்டை வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர், கூரியர் எல்லாம் அந்த 35-க்குள்தான். இன்னும் 118 பிரதி கட்டிலுக்கடியில் இருக்கிறது.

யாரையும் திட்ட வரவில்லை. எழுதியவன் உயிரோடு இருக்கும்போது, புத்தகமும் கிடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வார்த்தை கேட்காமல் இப்படிப் பரப்புவது சரியா? மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

2. பாலைவனப் பயணி

அண்ணே, வணக்கம். மறைச்சுப் பேச விரும்பல. நானும் பிடிஎஃப் படிச்சு வளர்ந்தவன்தான்.

தம்மாம்ல பதினோரு வருசமா இருக்கேன். ஒரு ரூம்ல ஆறு பேர், அடுக்குக் கட்டில். டியூட்டி முடிஞ்சு வந்து போர்வைக்குள்ள போனைத் திறந்தாத்தான் எனக்குத் தமிழ். உங்க புத்தகம் 260 ரூபாய், ஆனா அதை இங்க வரவழைக்கிற கூரியருக்கு அதைப்போல பல மடங்கு. ஊருக்குப் போற பசங்ககிட்ட சொல்லி விட்டா, பெட்டியில கிலோ கணக்கு. அம்மா கொடுத்து விடுற பொடியும் ஊறுகாயும் போக மிச்ச இடத்துல எத்தனை புத்தகம் அடங்கும்? ரெண்டு.

மதுரைத் திட்டம்தான் முதல்ல கிடைச்சுது. 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்சாங்களாம். சங்கப் பாட்டுல இருந்து அதுல படிச்சேன், காசு வாங்கல. அப்புறம் டெலிகிராம் குழு. அதுல எது அனுமதி வாங்கிப் போட்டது, எது வாங்காமப் போட்டதுன்னு கோப்பைப் பார்த்தா தெரியாது. எல்லாம் ஒரே மாதிரிதான் வந்து நிக்கும்.

நான் கேக்குறது ஒண்ணுதான். வாங்குறதுக்கு வழி வைங்க. மின்நூலா 100 ரூபாய்க்குக் கொடுத்தா இன்னிக்கே வாங்குறேன். கிண்டில்ல தேடினேன், உங்க மாதிரி சின்னப் பதிப்பகத்துப் புத்தகம் பாதி அதுல இல்ல. கதவைப் பூட்டி வச்சா ஜன்னல் வழியாத்தான் வருவாங்க.

3. தெற்குவாசல்

கூரியர் செலவு அதிகம் என்பதற்காக மளிகைக் கடையில் அரிசியை எடுத்துக்கொண்டு போக முடியுமா? ஒருத்தர் உழைப்பைக் கேட்காமல் எடுத்தால் அது திருட்டு. அதைச் சுற்றி வளைத்துப் பேச எதுவுமில்லை.

4. பாலைவனப் பயணி

அரிசியை எடுத்தா கடையில அரிசி குறையும் சார். இங்க அவர் கட்டிலுக்கடியில இருக்குற 118 அப்படியேதான் இருக்கு. எடுத்தது சரின்னு சொல்லல. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சொல்றேன்.

5. டேப்ரெக்கார்டர்

ஐயா, நான் இதே தொழிலைக் கடை போட்டுச் செய்தவன். 1986 முதல் 2001 வரை பஸ் ஸ்டாண்ட் ஓரத்தில் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தேன். அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து அதில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு வருவார்கள். கல்யாணத்துக்கு, தூரத்தில் இருக்கும் தங்கச்சிக்கு, பேர் சொல்ல முடியாத ஒருத்திக்கு. 60 நிமிட கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஆறேழு பாட்டு. கடைசிப் பாட்டு நடுவில் வெட்டுப்பட்டால் சண்டைக்கு வருவார்கள். அதற்காகவே தனி நோட்டு ஒன்று வைத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டும் எத்தனை நிமிடம், எத்தனை நொடி என்று இசைத்தட்டை ஓடவிட்டு நானே குறித்தது. பக்கம் நிறைய இன்னும் மூன்று நிமிடம் பாக்கி என்றால், நோட்டைப் பார்த்து ‘இது ஒண்ணைச் சேர்க்கவா?’ என்று கேட்பேன். அப்படி எத்தனையோ பேருக்கு அவர்கள் கேட்டே இராத பாட்டைக் கொடுத்திருக்கிறேன்.

அது சட்டப்படி தவறு என்று அப்போதே தெரியும். இரண்டு முறை ரெய்டு வந்தது, டெக்கைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் என் கடையிலிருந்து ஒரு பைசா போகவில்லை என்பதை அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. இன்று நினைக்கிறேன். நினைத்தால் நெஞ்சில் குத்துகிறது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். 60 நிமிட கேசட் பதிய 60 நிமிடம் ஆகும். பதிந்த ஒவ்வொரு பாட்டையும் நான் கேட்டேன், வாங்கியவர் தேய்ந்து போகும்வரை கேட்டார். பிறகு ஒரே சிடியில் 150 பாட்டு வந்தது. அதற்கும் பிறகு செல்போன் கடையில் மெமரி கார்டு நிறைய ஏற்றிக் கொடுத்தார்கள். என்ன பாட்டு ஏற்றினோம் என்று கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. உங்கள் பிடிஎஃப்பும் அந்தக் குழுவில் ஆயிரத்தில் ஒன்றாகத்தான் கிடக்கும். எத்தனை பேர் திறந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எனக்கு அதுதான் பெரிய கவலை. எடுத்துவிட்டார்கள் என்பதைவிட, எடுத்ததைத் திறக்கவில்லை என்பது.

6. வழக்குரை

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசுவது நல்லது. நான் வழக்கறிஞர், சினிமா உரிமை வழக்குகள் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, தெரிந்தே உரிமை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் வரப்புமேடு ஐயா நினைத்தால் அந்தக் கட்டைவிரல்காரரின் மேல் போலீஸில் புகார் கொடுக்கலாம். கொடுப்பாரா? மாட்டார். கொடுக்கவும் கூடாது என்பேன். இந்தச் சட்டம் ஓங்கினால் அடி விழுவது பெரும்பாலும் வேறு இடத்தில்தான்.

2012-இல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்க, முகம் தெரியாத எதிர்மனுதாரர்களுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு வாங்கினார்கள். இணைய இணைப்புத் தரும் நிறுவனங்கள் பயந்துபோய் மொத்தத் தளங்களையே மூடின. விமியோ என்ற வீடியோத் தளம் அதில் ஒன்று. குறும்படம் எடுத்துத் தன் சொந்தப் படத்தை அங்கே ஏற்றி வைத்திருந்த பையன்கள் தங்கள் படத்தையே பார்க்க முடியாமல் நின்றார்கள். குறிப்பிட்ட முகவரிகளை மட்டும்தான் தடுக்க வேண்டும் என்று ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்திய பிறகே தளங்கள் திறந்தன.

அதே 2012-இல் ஒரு நல்ல காரியமும் நடந்தது. டேப்ரெக்கார்டர் ஐயா, உங்களுக்காகவே இதைச் சொல்கிறேன். அதுவரை பாட்டு எழுதியவர் ஒரு தொகை வாங்கிக்கொண்டு போய்விட்டால், மற்றதெல்லாம் தயாரிப்பாளருக்கும் கேசட் கம்பெனிக்கும்தான். அந்த ஆண்டுத் திருத்தத்தில், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு உண்டு, அந்தப் பங்கை எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது என்று வந்தது. உங்கள் கடை ஓடிய காலத்தில், நீங்கள் நியாயமாகக் காசு கட்டியிருந்தாலும் பாட்டெழுதியவர் கைக்கு அநேகமாக எதுவும் போயிருக்காது.

பதிப்புரிமை என்பது நிலம் மாதிரி பரம்பரைச் சொத்து கிடையாது. எழுதியவர் ஆயுள், அதற்குப் பின் 60 ஆண்டு. முன்பு 50 ஆண்டாகத்தான் இருந்தது. தாகூர் 1941-இல் இறந்தார், 1991 முடிவோடு அவர் எழுத்து பொதுவாக வேண்டியது. உரிமையை வைத்திருந்த, அவர் தொடங்கிய விஸ்வபாரதி பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போய்விடும் என்று பத்து ஆண்டைக் கூட்டினார்கள். ஒருவருக்காகக் கூட்டியது எல்லோருக்கும் கூடிவிட்டது. நம் பக்கம் நடந்தது நேர்மாறு. 1949-இல் பாரதி பாடல்களை அரசே உரிமை வாங்கி, பிறகு மக்களுக்குப் பொதுவாக்கியது. ஒலிப்பதிவு உரிமை ஒரு சினிமா நிறுவனத்திடம் இருந்த காலம் அது. அந்த முடிவு எடுக்காமல் போயிருந்தால் அன்று பாரதி பாட்டை இசைத்தட்டில் பதிய ஒருவரைக் கேட்க வேண்டியிருந்திருக்கும்.

7. முதுகலை

தில்லிப் பல்கலைக்கழக வழக்கைச் சேர்க்க வேண்டும் சார். 2012-இல் ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் மூவரும் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடை மீது வழக்குப் போட்டார்கள். பாடத்துக்குத் தேவையான பக்கங்களைத் தொகுத்து ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களுக்கு விற்றது குற்றமாம். 2016 செப்டம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. கற்பித்தலுக்காக நகல் எடுப்பதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே அனுமதிக்கிறது என்றது. பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன, ஆனால் அடுத்த ஆண்டு அவர்களே வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நான் ஆய்வு மாணவி. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கட்டுரைக்கு 35 டாலர் கேட்டது ஒரு தளம். என் உதவித்தொகையில் அது நாலு நாள் சாப்பாடு. அந்தக் கட்டுரையை எழுதியவருக்கு அந்த 35-இல் ஒரு சல்லிக்காசும் போகாது. ஆய்வுக் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் தளத்தில் எடுத்தேன், வெட்கப்படவில்லை. இப்போது ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்துவிட்டது, 2024 நவம்பரில் மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள், சுமார் 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரியில் இருப்பவர்களுக்குக் கதவு திறந்தது. என் தோழி தனியார் கல்லூரியில் படிக்கிறாள், அவளுக்கு இன்னும் மூடியேதான் இருக்கிறது.

8. வரப்புமேடு

நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான்மா. ஆனால் என்னையும் ஆக்ஸ்ஃபோர்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவர்களுக்கு நஷ்டம் என்பது ஆண்டறிக்கையில் ஒரு வரி. எனக்கு அடுத்த புத்தகம் வருமா வராதா என்பதே அதுதான். ஒரு புதுக் கவிஞரின் தொகுப்பு மேசையில் இருக்கிறது, நல்ல கவிதைகள். இந்த 118 போனால்தான் அச்சுக்கு அனுப்ப முடியும். பிடிஎஃப் படித்தவர்களில் பத்துப் பேர் வாங்கியிருந்தால்கூட அச்சகத்துக்கு முன்பணம் கட்டியிருப்பேன்.

பயணி தம்பி, நீங்கள் வழி வையுங்கள் என்றது நெஞ்சில் தைத்தது. மின்நூல் போட்டால் முதல் நாளே உடைத்துப் பரப்பிவிடுவார்கள் என்று பயந்துதான் போடவில்லை. போடாமலே பரவிவிட்டது.

9. விரல்நுனி

வரப்புமேடு ஐயாவுக்கு வணக்கம். நான் பிறவியிலிருந்தே பார்வையற்றவள். அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை.

உங்கள் நாவலின் அந்தப் பிடிஎஃப் எனக்கும் வந்தது. படிக்கவும் செய்தேன். எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன்.

கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருக்கிறேன். போனில் படம் பிடித்த பிடிஎஃப்பைத் திறந்தால் அது ஒன்றும் சொல்லாது. அதற்கு அது வெறும் படம். ஒவ்வொரு பக்கமாகக் கூகுளின் எழுத்துணரியில் கொடுத்து எழுத்தாக மாற்ற வேண்டும். பக்கம் வளைந்திருந்தால் வரி உடையும், நிழல் விழுந்திருந்தால் சொல் போகும். நான்கு இரவு ஆயிற்று. அதன் பிறகுதான் உங்கள் நாவல் எனக்குக் கிடைத்தது. 61-ஆம் பக்கத்தில் அந்த விரல் மறைத்த மூன்று வரிகள் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாடு விற்கப் போனவர் திரும்பி வரும் இடம் அது.

வாங்கினால் என்ன என்று கேட்பீர்கள். வாங்கியும் பார்த்திருக்கிறேன். வேறொரு பதிப்பகத்திடம் 200 ரூபாய் கட்டி மின்நூல் வாங்கினேன். திறந்ததும் என்விடிஏ ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ என்று வாசித்தது. புத்தகம் முழுக்க அப்படியே. காசு கொடுத்து வாங்கிய புத்தகம் எனக்கு ஆங்கில எழுத்து எண்ணிக் காட்டியது.

பார்வையற்றவர்களுக்கு நூல்கள் கிடைக்க வேண்டும் என்ற மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் வந்தபோது அதை முதலில் ஏற்று உறுதி செய்த நாடு இந்தியா. அதற்கு முந்தைய ஆண்டே நம் சட்டத்திலும் திருத்தம் வந்துவிட்டது. எங்களுக்குப் படிக்க முடிந்த வடிவத்தில் ஒரு நூலை மாற்றிக் கொடுக்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. உரிமை இருக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு யார் உட்காருவது? தமிழில் ஒரு வருடம் வெளியாகும் நூல்களில் நான் காதால் படிக்க முடிவது விரல்விட்டு எண்ணக்கூடியது. திருட்டுப் பிரதி என்று நீங்கள் சொல்லும் அந்தக் குழுதான் எனக்கு நூலகம். அதில் எனக்குப் பெருமை இல்லை ஐயா, வேறு வாசலும் இல்லை.

10. எழுத்துக்கோப்பு

விரல்நுனி அக்கா, அந்த ‘ஜே கே பி ஓ செமிகோலன்’ வேறொன்றுமில்லை, ‘தமிழ்’ என்ற சொல்தான். பாமினி எழுத்துருவில் த-வுக்கு ஜே, ம-வுக்கு கே, இகரக் குறிக்கு பி, ழ-வுக்கு ஓ, புள்ளிக்கு செமிகோலன். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்து. நான் இருபது வருடமாக டிடிபி வேலை, அதாவது கணினியில் புத்தகப் பக்கம் கட்டும் வேலை பார்க்கிறேன். பேஜ்மேக்கர் என்ற மென்பொருளில் இப்படி ஆயிரக்கணக்கான புத்தகம் கட்டியிருக்கிறோம். அச்சில் அழகாக வரும், அதோடு முடிந்தது. தேட முடியாது, கேட்க முடியாது, வேறு கணினியில் அந்த எழுத்துரு இல்லையென்றால் படிக்கவும் முடியாது.

எல்லாக் கணினியும் தமிழாகவே புரிந்துகொள்ளும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுவது பெரிய வேலை இல்லை, மாற்றிகள் இருக்கின்றன. கூட உட்கார்ந்து ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வரப்புமேடு சார், உங்கள் நாவல் எந்த எழுத்துருவில் கட்டியது?

11. வடமராட்சி

நான் பிறந்தது பருத்தித்துறைக்குக் கிட்ட, இப்ப ரொறன்ரோவில இருக்கிறன். எங்கட பக்கத்துக் கதையை நீங்கள் கேக்க வேணும்.

1981-ஆம் ஆண்டு மே 31 இரவு யாழ்ப்பாண நூலகத்தைக் கொளுத்தினவை. 97,000 புத்தகம் எண்டு சொல்லுவினம். அப்பா அப்ப அங்க அங்கத்தவர். அடுத்த நாள் போய்ப் பாத்திட்டு வந்து மூண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுவா. பிறகு இடப்பெயர்வு, பிறகும் இடப்பெயர்வு. ஆக்கள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஓட ஏலாது.

ஒரு நூலுக்கு ஒரே பிரதி இருந்தா என்ன நடக்கும் எண்டதை எங்கட சனம் கண்ணால கண்டது. அதனாலதான் எங்கட நூல்களை இணையத்தில சேமிச்சு வைக்க 2005-இல ‘நூலகம்’ திட்டம் தொடங்கினவை. நானும் சில காலம் அதுக்காக வேலை செய்தனான். ஆனா ஒண்டை வடிவாய்ச் சொல்ல வேணும். நாங்கள் கேட்டுத்தான் போட்டனாங்கள். இலங்கைச் சட்டத்தில எழுதினவர் இறந்து 70 வருசம். எழுதினவர் போயிட்டார், மகள் நோர்வேயில, மகன் ஸ்கார்பரோவில. தொலைபேசி எடுத்து, நான் இன்னாற்றை மகன் எண்டு ஊரைச் சொல்லி, உறவைச் சொல்லி, அதுக்குப் பிறகுதான் அப்பாவின்ரை புத்தகத்தைப் பற்றிக் கதைப்பம். ஒரு அம்மா அழுதவா. தன்ரை மனுசன் எழுதின புத்தகம் ஒண்டும் தன்னட்டை இல்லை, நீங்கள் வச்சிருக்கிறீங்களோ எண்டு கேட்டவா. அனுமதி கேக்கப் போன இடத்தில நாங்கள் பிரதி குடுத்திட்டு வந்தம்.

வரப்புமேடு ஐயாவின்ரை புத்தகத்தைப் படம் பிடிச்சவர் ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம். ஐயா உயிரோட, ஒரே ஊரில இருக்கிறார். எங்களுக்கு அப்பிடி ஒரு வசதி இருக்கேல்லை.

12. கிளைநூலகர்

நான் ஊர்ப்புற நூலகத்தில் 17 வருடமாக இருக்கிறேன். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. நீங்கள் வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது.

என் நூலகத்தில் ஒரு சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒட்டிய தேதிச்சீட்டு நிறைந்து, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிறைந்து மூன்றாவது ஒட்டியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன், 71 முறை வெளியே போய் வந்திருக்கிறது. எழுதியவருக்கு அந்த ஒரு பிரதிக்கான பணம்தான். டென்மார்க்கில் 1946-லிருந்து நூலகப் பயன்பாட்டுக்கு எழுத்தாளருக்குப் பணம் கொடுக்கிறார்கள். பிரிட்டனில் 1979-இல் அதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். வாசகர் ஒரு காசும் தருவதில்லை, அரசு தருகிறது. நம் நாட்டில் அப்படி எதுவும் இல்லை. எழுத்தாளர்கள் பிடிஎஃப் பரவும்போது கோபப்படுகிறார்கள், நியாயம்தான். இதையும் சேர்த்துக் கேட்டால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

நாட்டுடைமை பற்றியும் பேச வேண்டும். கல்கி எழுதியது நாட்டுடைமை ஆனபின் எத்தனை பதிப்பகம், எத்தனை விலையில் போட்டது என்று எல்லோருக்கும் தெரியும். என் நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் கையிலேயே சொந்தப் பிரதி இருக்கிறது. வாரிசுகளுக்கு அரசு பரிவுத்தொகை கொடுக்கிறது. வேண்டாம் என்று மறுத்த குடும்பங்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. இருக்கும்போதே எழுத்தாளர் வாழ வழி செய்யாமல், போன பிறகு கொண்டாடுவது மட்டும் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

13. தெற்குவாசல்

விரல்நுனி அவர்கள் எழுதியதைப் படித்தேன். அவருக்கு நான் சொன்னது பொருந்தாது. அதைத் திரும்பப் பெறுகிறேன். மற்றவர்களுக்குச் சொன்னதில் மாற்றமில்லை. கண் இருக்கிறது, கையில் 260 ரூபாய் இருக்கிறது, புத்தகம் மதுரையிலேயே கிடைக்கிறது, ஆனாலும் குழுவில் ‘யாராவது பிடிஎஃப் அனுப்புங்களேன்’ என்று கேட்பவர்களை நான் தினமும் பார்க்கிறேன். ஒரு பிரியாணியின் விலை.

14. முதுகலை

இன்னொன்று, யாரும் பேசவில்லை என்பதால். இப்படிப் பரவிய பிடிஎஃப்கள் எல்லாம் செயற்கை நுண்ணறிவுக்குத் தீனியாகப் போகின்றன என்ற கவலை எழுத்தாளர்களிடம் இருக்கிறது. 2024 நவம்பரில் ஏஎன்ஐ செய்தி நிறுவனம் ஓப்பன்ஏஐ மீது தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அவர்களிடம் வழக்குப் போடப் பணம் இருக்கிறது. வரப்புமேடு சார் மாதிரி ஒருவர் தன் நாவல் எங்கே போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? வழக்குரை சார், இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

15. வழக்குரை

இப்போதைக்கு நேரடி வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், எழுதுகிறேன்.

வரப்புமேடு ஐயாவுக்கு ஒன்று. வாட்ஸ்அப் குழுவின் நிர்வாகிக்கு நீங்களே நேரில் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள்.

16. வரப்புமேடு

நாலு நாளாக வரவில்லை, மன்னிக்கவும். எல்லோருக்கும் பதில் எழுத ஆசை, முடிந்தவரை எழுதுகிறேன்.

குழு நிர்வாகிக்கு எழுதினேன். நல்ல மனிதர், உடனே நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார். ஏற்கெனவே எத்தனை குழுவுக்குப் போயிருக்கும் என்று அவருக்கும் தெரியவில்லை. கட்டைவிரல்காரர் யாரென்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பயணி தம்பி, எழுத்துக்கோப்பு தம்பியும் நானும் உட்கார்ந்து மின்நூல் தயார் செய்கிறோம். 100 ரூபாய். ஆனால் என் நிலை மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதை வாங்கிக் குழுவில் போட்டால் அது தப்புதான், தூரத்தில் இருப்பதால் அது சரியாகிவிடாது. 2009-இல் நான் போட்ட இரண்டு புத்தகம் இனி அச்சுக்கு வராது. எழுதியவர்கள் இருவரிடமும் பேசிவிட்டேன், அவற்றை யாரும் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவாக விடச் சம்மதித்தார்கள். இதை முன்னமே செய்திருக்கலாம், வடமராட்சி ஐயா எழுதியதைப் படிக்கும்வரை தோன்றவில்லை.

விரல்நுனி அம்மா, உங்கள் பதிவைப் படித்த அன்று இரவு தூங்கவில்லை. நாவல் பாமினியில்தான் கட்டியது. மாற்றிய கோப்பை உங்கள் தனிமடலுக்கு அனுப்பியிருக்கிறேன். விலை பேசாதீர்கள். மெய்ப்பு இன்னும் முடியவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

17. பாலைவனப் பயணி

காசு அனுப்பிட்டேன் அண்ணே, ரெண்டு பிரதிக்கு. ஒண்ணு ரூம்ல இருக்குற கும்பகோணத்துத் தம்பிக்கு. தப்புன்னு நீங்க சொன்னதை ஏத்துக்கிறேன். ஆனா புத்தகமே கிடைக்காத இடத்துல இருக்குறவன் என்ன பண்ணணும்கிற கேள்விக்கு இந்த இழையில இன்னும் எனக்குப் பதில் வரல. எல்லாப் பதிப்பகமும் உங்கள மாதிரி உட்கார்ந்து மின்நூல் பண்ணப் போறதில்ல.

18. விரல்நுனி

கோப்பு வந்தது ஐயா. முதலில் 61-ஆம் பக்கத்துக்குத்தான் போனேன். அவர் வெறும் கயிற்றை மட்டும் கையில் சுற்றிக்கொண்டு வருகிறார் என்பதும், வாசலில் நின்ற பிள்ளை அந்தக் கயிற்றை வாங்கி முகர்ந்து பார்ப்பதும் அந்த மூன்று வரிகளில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அடுத்த அத்தியாயத்தில் பிள்ளை ஏன் கயிற்றைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறான் என்று இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இன்று மாலைக்குள் 90 பக்கம் கேட்டுவிட்டேன். பிழைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். 34-இல் லாரியின் பதிவெண் வரும் இடத்தில் ஆங்கில எழுத்தும் தமிழாக மாறி, அர்த்தமில்லாத ஒலியாக வருகிறது. 52-இல் ‘ஸ்ரீ’ உடைந்திருக்கிறது. 78-இல் ஒரு பத்தி இரண்டு முறை வருகிறது, அது மூலத்திலேயே அப்படியா என்று பாருங்கள். மீதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்புகிறேன். அந்தப் புதுக் கவிஞரின் தொகுப்பு தயாரானால் அதையும் அச்சுக்குப் போகும் முன் எனக்கு அனுப்புங்கள், காதால் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.